நண்பேன்டா என்பவனிடம் ஒரு கணக்கு

‘நண்பேன்டா!’ 2010இல் எம். ராஜேஷ் இயக்கிய ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ பரப்பிவிட்ட வார்த்தை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திண்டிவனம் கல்லூரி வாசல்வரை நம்ம பசங்க வாயில் இன்றைக்கும் புழங்குகிறது. 2015இல் அதையே தலைப்பாக வைத்து இன்னொரு படமும் வந்தது. சரி, இந்த நட்பில் கொடுப்பவன் யார், வாங்கிக்கொள்பவன் யார்?

பாஸ்கரன் அரியர்ஸ் வைத்துக்கொண்டு வீட்டுச் சோற்றில் திரிகிறவன். அழகன், வாய்ச் சாமர்த்தியக்காரன். நல்லதம்பி சலூன் வைத்துப் பிழைக்கிறவன். உழைக்கிறவனுடைய நேரமெல்லாம் வேலையில்லாதவனின் காதலுக்குச் செலவாகிறது. முடி வெட்டுவது இந்த நாட்டில் சாதி ஒதுக்கிக் கொடுத்த தொழில். படம் அதைப் பற்றி வாய் திறக்காது. கிண்டலுக்கு ஓர் ஆள் தேவைப்படும்போது மட்டும் நேராக அந்தக் கடை வாசலில் போய் நிற்கும்.

நான் வங்கிக் குமாஸ்தா. இந்த உறவுக்கு எங்கள் மேசையில் ஒரு பெயர் உண்டு: ஜாமீன்தாரர். பணத்தை அனுபவிப்பவன் ஒருத்தன், கையெழுத்துப் போடுகிறவன் இன்னொருத்தன். தவணை நின்றால் கையெழுத்துப் போட்டவன் வீட்டுக்கும் நோட்டீஸ் போகும். தமிழ் சினிமாக் கதாநாயகன் ஆயுசுக்கும் கடன்காரன். அவன் நண்பன் ஆயுசுக்கும் ஜாமீன்தாரர்.

சமுத்திரக்கனியின் ‘நாடோடிகள்’ (2009) இந்தக் கணக்கைக் கொஞ்சம் நேர்மையாகவே எழுதிப் பார்த்தது. பணக்கார வீட்டுப் பையன் ஒருவனின் காதலைச் சேர்த்துவைக்கப் போன நண்பர்களில் ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது போகிறது. சேர்ந்தவர்களோ சலித்துப் பிரிந்துவிடுகிறார்கள். படம் அவர்கள்மேல் கோபப்படுகிறது. ஆனால் காதலுக்குத் துணைபோகிறவனை வெட்டும் கைக்குச் சாதி உண்டு என்பதைச் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

வெள்ளைக்காரன் கதையும் இதுதான். ஜான் ஹியூஸ் 1986இல் எடுத்த ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ படத்தில் பள்ளிக்கு மட்டம் போட்ட ஃபெரிஸ், நண்பன் கேமரூனைப் படுக்கையிலிருந்து கிளப்பி, அவன் அப்பா பொத்திப் பொத்தி வைத்திருந்த ஃபெராரி காரை எடுக்கவைக்கிறான். கார் நொறுங்குகிறது. பழியை நான் ஏற்கிறேன் என்கிறான் ஃபெரிஸ். ஆனால் அப்பன் முன்னால் நிற்கப்போகிறவன் கேமரூன். ஃபெரிஸ் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்த்திப் படுத்துக்கொள்கிறான்.

அங்கே போனது கார். இங்கே போவது உயிரும் வீடும்.

“படம்னா ஜாலியா பாத்துட்டுப் போவணும்ணா, எல்லாத்துலயும் சாதியத் தேடாதீங்க” என்கிறார்கள் தம்பிகள். தம்பி, நான் தேடவில்லை. அது உன்னைத் தேடி வருகிறது. கதாநாயகன் ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டால் வசீகரம். அதே ஜீன்ஸையும் டீ சர்ட்டையும் கூலிங் கிளாஸையும் போட்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று 2012இல் தலித் இளைஞர்கள்மேல் குற்றம் சாட்டினார் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ். திண்டிவனத்தை ஒட்டிய தைலாபுரம் தோட்டத்திலிருந்து அரசியல் நடத்தியவர் அவர். அந்த நவம்பர் 7இல் இளவரசன் - திவ்யா கல்யாணத்தைக் காட்டித் தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றையும் கொளுத்தினார்கள். வீடு எரிந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள்? போடாத கையெழுத்துக்கும் சேரிதான் ஜாமீன். 1978 ஜூலையில் 12 தலித்துகளைப் பறிகொடுத்த விழுப்புரத்துக்கு இது புதுப்பாடம் இல்லை.

ஆகவே ‘கதாநாயகன் நல்ல நண்பனா’ என்பது பொழுதுபோகாதவன் கேட்கும் கேள்வி அல்ல. அவன் மனசு நல்லதாகவே இருக்கட்டும். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமா’ளில் (2018) ஜோ கெட்டவளா? பிரியத்தோடுதான் பரியனைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறாள். அங்கே அவள் சொந்தக்காரர்கள் அவனை அறைக்குள் தள்ளி அடித்து, மேலே மூத்திரம் பெய்கிறார்கள். அவளுக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமலே நல்லவளாக இருக்க முடிவதுதான் சாதி அவளுக்குக் கொடுத்த சலுகை. நம் கதாநாயகர்களின் சிரிப்பும் அந்தச் சலுகையில் பூத்த சிரிப்புதான். அதே படத்தில் பரியனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவன் அவமானத்திலும் கூடவே நிற்கும் ஆனந்தைப் பாருங்கள். அவனுக்காக யாரும் விசில் அடிப்பதில்லை. நண்பன் அவன்தான்.

காதலுக்குத் துணைபோகாதே என்று நான் சொல்லவில்லை. சாதி மீறிய கல்யாணம் நம் இயக்கத்தின் வேலை. அம்பேத்கர் 1936லேயே சாதி ஒழியக் கலப்பு மணம்தான் மருந்து என்று எழுதிவிட்டார். ஆனால் அந்த மருந்துக்கான விலையை எப்போதும் நாமே கொடுப்பது என்ன நியாயம்? ஊர்த் தெரு நண்பன் காதலித்தால் பைக்குக்குப் பெட்ரோல் போடவும், பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போடவும், பின்னால் அடி வாங்கவும் காலனிப் பையன். நம்ம பையன் காதலித்தால் அதே நண்பனின் போன் சுவிட்ச் ஆஃப்.

கதாநாயக நண்பனே, எங்கள் நிபந்தனை ரெண்டே ரெண்டு. எங்கள் தெருவுக்கு வா, எங்கள் வீட்டுச் சட்டியில் உள்ளதைத் தின்னு. உன் தெருவில் எங்களைத் தூக்கத் தடி எடுக்கும்போது, உன் அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் குறுக்கே நில்லு.

அப்புறம் சொல்லு, நண்பேன்டா என்று.