குண்டுக்குத் தப்பியது, உங்களுக்குத் தப்பவில்லை

பிரான்ஸ் நாட்டின் பண்பாட்டு அமைச்சர் அவர்களுக்கு,

மரபுக் கட்டடங்களைக் காக்கும் சட்டத்தைத் தங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்தக் கோப்பில் எவர் கையெழுத்திட்டால் எது பிழைக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. மனுக்களுக்கு மதிப்பில்லை என்று ஆனபின், ஒரே ஓர் ஊரைப் பற்றி ஊரறிய எழுதுகிறேன்.

சோம் ஆற்றங்கரையில் இருக்கிறது அப்வீல். 1940 மே 20 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்து போனது. அன்று மாலையே டாங்கிகளும் வந்து சேர்ந்தன. 1488இல் கட்டத் தொடங்கிய சேன் வுல்ஃப்ரான் பெருங்கோயில் படுகாயத்தோடு தப்பியது. அதைச் செப்பனிட்டு முடிக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1868இல் தொடங்கி 1876இல் கட்டி முடித்த புனித யாகப்பர் தேவாலயமும் தப்பியது. அத்தனையும் இழந்த ஊருக்கு மிஞ்சியவற்றுள் அதுவும் ஒன்று.

அதை என்ன செய்தார்கள்? பராமரிக்காமல் விட்டார்கள். கல் பெயர்ந்தது. கல் பெயர்கிறதே, ஆபத்து என்றார்கள். அந்த ஆபத்தையே காரணம் காட்டி 2013இல் இடித்தார்கள். மருந்து கொடுக்காமல் படுக்கையில் போட்டுவிட்டு, பிழைக்க மாட்டார் என்று சான்றிதழ் எழுதுவது போலத்தான் இது. கூர்வளைவுச் சன்னல்களுக்குள் பொக்லைன் கை நீட்டிக் கல் கல்லாகப் பெயர்த்துப் போட்டது.

முடிவெடுத்தது நகராட்சி என்பீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் ஒரு வரி ஏறியிருந்தால் பொக்லைன் அந்தத் தெருவுக்குள்ளேயே வந்திருக்காது. அந்த வரியை எழுதும் பேனா உங்கள் அமைச்சகத்தில் இருக்கிறது. அப்போது வேறொருவர் அமைச்சர் என்பீர்கள். ஆள்தான் வேறு, நாற்காலி அதேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கோதிக் வெறும் நகல், அதைக் காப்பானேன் என்ற இளக்காரம்தானே அடியில் இருப்பது? அப்படியானால் 2019இல் பாரிஸ் நோத்ர்தாமின் கோபுரம் எரிந்து சரிந்தபோது எதற்காக அழுதீர்கள்? கட்டடக் கலைஞர் வியோலெ-லெ-துக் 1859இல் எழுப்பிய கோபுரம் அது. யாகப்பர் கோயிலைக் கட்டத் தொடங்கியதற்கு ஒன்பதே ஆண்டு முந்தையது. அதற்கு 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. ஓக் மரமும் ஈயமுமாக, இருந்தது இருந்தபடியே மீண்டும் நிற்கிறது. நிற்கட்டும், மகிழ்ச்சி. ஒரே நூற்றாண்டு, ஒரே பாணி. தலைநகரில் இருந்தால் மரபு, சோம் ஆற்றங்கரையில் இருந்தால் இடிபாடு. இதுதான் உங்கள் அளவுகோலா?

அப்வீலோடு புத்தி வந்ததா? லீல் நகரின் புனித சூசையப்பர் சிற்றாலயத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் நடந்தது. உங்கள் அமைச்சகம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை. 2021 பிப்ரவரியில் அதுவும் தரைமட்டம். நோத்ர்தாமுக்காகக் கண்ணீர் விட்டு இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை!

அப்வீல் அருங்காட்சியகத்துக்குப் பூஷே தெ பெர்த்தின் பெயர் வைத்திருக்கிறார்கள். சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் ஆதிமனிதனின் கைவேலை என்று உலகத்தோடு வாதாடியவர் அவர். உடைந்த சிக்கிமுக்கிக் கல்லுக்கும் வரலாறு உண்டென்று நிறுவிய ஊரில், 137 ஆண்டு நின்ற கோயிலுக்காக வாதாட அரசில் ஆளில்லை.

செப்டம்பரில் வழக்கம்போல மரபு நாள்கள் வரும். பாரிஸில் ரிப்பன் வெட்டியது போதும். இம்முறை அப்வீலுக்கு வாருங்கள். யாகப்பர் கோயில் நின்ற இடத்தில் நின்று, மரபைக் காப்பது பற்றிய உங்கள் உரையை வாசியுங்கள். யார் கைதட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
இன்னும் இடிபடாத கோயில்களுக்காக ஒருவன்