வாய் ஒரு பக்கம், வாக்கு ஒரு பக்கம்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், எங்கள் பள்ளிப்பட்டில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார், தம் வயது முதிர்ந்த அன்னையாருடன் மதரஸா வாயிலில் வந்து நின்றார். மதரஸாவின் ஆண்டு விழாக் குறுந்தகடுகளை நானே கணினியில் ஏற்றிப் பாதுகாத்தவன் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். அதை நம்பியே வந்திருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், என் நிக்காஹ் சி.டி.யைப் பென்டிரைவுக்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தோம். அத்தாவின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கமாகப் போகிறது. திரும்பக் கொடுத்தோம். நிக்காஹ் சரியாகிவிட்டது, அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் கெட்டுவிட்டது" என்றார் அச்சகோதரி.

அந்த நிக்காஹ் 2003-இல் நடந்தது. மணமகளின் தந்தையார் வலியாக அமர்ந்து, மஹர் தொகையைச் சொல்லித் தம் மகளை மணமுடித்துக் கொடுக்கிறார். மணமகன் "ஒப்புக்கொண்டேன்" என்கிறார். தந்தையார் இன்று நம்மிடையே இல்லை. அன்னையாரோ அன்று திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியில் இருந்தவர். கணவரின் சொற்களை ஒலிபெருக்கியில் கேட்டாரே தவிர, சொல்லிய முகத்தைப் பார்த்தவரல்லர். அந்த முகத்தை அவர் பார்த்ததெல்லாம் இந்தத் தகட்டின் வாயிலாகத்தான். மாற்றிய பதிவிலோ, தந்தையார் பேசி வாய் மூடிய பிறகே குரல் எழுந்தது. மணமகன் தலை குனிந்த பிறகே "ஒப்புக்கொண்டேன்" கேட்டது.

1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தோடு இருந்த ஊர் எங்களுடையது. இரு மொழியும் புழங்கும் இம்மண்ணில், உதடு தெலுங்கிலும் குரல் தமிழிலுமாக ஓடும் மாற்றுமொழிப் படங்கள் எவருக்கும் புதிதல்ல. அதைப் பொருட்படுத்தாத கண், பெற்ற தந்தையின் முகத்தில் மட்டும் அதைத் தாங்குவதில்லை.

ஒளியும் ஒலியும்

தகட்டில் படமும் ஒலியும் ஒன்றாகக் கலந்திருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை தனித்தனியானவை. 1993-இல் வகுக்கப்பட்ட வி.சி.டி. முறையில், நம் நாட்டு வழக்கப்படி ஒரு நொடிக்கு 25 படங்கள். ஒலியோ ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். டி.வி.டி.யில் ஒலி மாதிரிகள் 48,000. இரண்டும் சிறு சிறு பொட்டலங்களாக்கப்பட்டு, அவற்றில் நேர முத்திரை இடப்படுகிறது. தகடு ஓட்டும் கருவி அம்முத்திரையைப் பார்த்தே, இன்ன படத்துக்கு இன்ன ஒலி என்று இணைத்துத் தருகிறது.

பொதட்டூர்பேட்டையின் விசைத்தறிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவும் ஊடையும் வெவ்வேறு நூல்கள். தறியின் கணக்கில் இரண்டும் சேர்ந்தால்தான் துணி. தகட்டைக் கோப்பாக மாற்றும்போது இரு நூல்களும் பிரிக்கப்பட்டு மீண்டும் நெய்யப்படுகின்றன. அப்போது முத்திரை தவறினால் வாயும் வாக்கும் பிரிகின்றன.

எவ்வளவு பிசகினால் மனிதன் கண்டுகொள்வான்? ஒலி முந்தினால் ஏறத்தாழ 45 மில்லிநொடியிலும், பிந்தினால் 125 மில்லிநொடியிலும் வேறுபாடு புலப்படத் தொடங்கும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. (மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பிந்தும் ஒலியை நாம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்வதில் வியப்பில்லை. கொசஸ்தலை ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைத்தால், கை இறங்கிய பிறகே ஓசை நம் காதுக்கு வருகிறது. ஒலி பிந்துவது இயற்கையில் உண்டு, முந்துவது இல்லை.

நோயறிந்து மருந்து

அந்தக் கடைக்காரர் நிக்காஹ் நடக்கும் இடத்தை மட்டும் பார்த்து, ஒலி முழுவதையும் இரண்டு நொடி முன்னே தள்ளியிருக்கிறார். அங்கே பொருந்தியது, அதுவரை பொருந்தியிருந்த தொடக்கம் பிசகிவிட்டது. ஓரிடத்தைப் பார்த்து முழுப் பதிவுக்கும் மருந்து கொடுத்ததே தவறு. தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களிலாவது பேசுபவரின் உதட்டைக் கவனித்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்பாகப் புளூடூத் ஒலிபெருக்கியை நீக்கிவிட்டுப் பாருங்கள். சில நேரங்களில் தாமதம் அதில்தான் இருக்கும். கோப்பில் குறையே இராது.

மூன்று இடங்களிலும் ஒரே அளவு வேறுபாடா? இது எளிய நோய். வி.எல்.சி. மென்பொருளை விண்டோஸ் கணினியில் இயக்குவோர் ஜே, கே ஆகிய விசைகளை அழுத்தினால், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒலி 50 மில்லிநொடி நகரும். எத்தனை அழுத்தத்தில் பொருந்துகிறதோ அந்த அளவைக் குறித்துக்கொண்டு, கோப்பை மாற்றும் மென்பொருளில் அதையே ஒலியின் நகர்வாகக் கொடுத்தால் நிலையாகச் சரியாகிவிடும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக வேறுபாடு வளர்கிறதா? இது வேகக் கணக்கின் பிழை. நொடிக்கு 25 படம் உள்ள பதிவை 24 என்று கொண்டால், 60 நிமிடக் காட்சி 62½ நிமிடம் ஓடும்; ஒலி 60-லேயே முடிந்துவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் தகடுகளில் வேகம் 29.97 படம். அதை 30 என்று கொண்டால் மணிக்கு 3.6 நொடி பிசகும். குரலே கீச்சென்றோ கனத்தோ மாறியிருந்தால், பிழை ஒலி மாதிரிகளின் எண்ணிக்கையில் இருக்கக்கூடும். 44,100-ஐ 48,000 என்று கொண்டிருப்பார்கள், அல்லது மாறாக. இங்கே ஒலியை முன்னும் பின்னும் நகர்த்திப் பயனில்லை. மூலத்தில் உள்ள வேகத்தையே, இடையில் மாறாதவாறு தெரிவு செய்து மீண்டும் மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்களில் இதற்குத் தனித் தெரிவு உண்டு.

ஓரிடம் வரை சரியாக இருந்து, அங்கிருந்து திடீரெனப் பிசகுகிறதா? அந்த இடத்தில் தகட்டில் கீறலோ அழுக்கோ இருக்கலாம். படிக்க முடியாத பகுதியை விட்டுவிட்டு மென்பொருள் மீதியை ஒட்டிவிடுகிறது. வி.சி.டி.யின் படப் பகுதிக்குக் கணினித் தகவல் தகட்டில் உள்ள அளவு பிழை திருத்தும் பாதுகாப்பு இல்லை. ஆகவே கீறல் அதை எளிதில் பாதிக்கிறது. டி.வி.டி.யில் வேறொரு காரணமும் உண்டு. அதில் காட்சி ஏறத்தாழ ஒரு ஜி.பி. அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். துண்டு துண்டாக மாற்றிப் பின் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் பிசகும். முழுக் காட்சியையும் ஒன்றாக எடுத்தே மாற்ற வேண்டும்.

மூலத் தகடு

"மூலத் தகடு எங்கே?" என்று கேட்டேன். "பென்டிரைவ் வந்துவிட்டதே என்று தூக்கிப் போடப் பார்த்தாள். நான்தான் புடவை மடிப்பில் வைத்தேன்" என்று அன்னையார் எடுத்துத் தந்தார். அந்த மடிப்பில் தகடு இல்லாதிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை.

மூன்று இடங்களுக்கு மேலாகவே பார்த்தோம். 22-ஆம் நிமிடம் வரை பிசகில்லை. 30-இல் ஒரு நொடி, நிக்காஹ் நடக்கும் 41-இல் இரண்டு நொடி. ஆக, இடையில் இரண்டு முறிவுகள். மென்மையான பருத்தித் துணியால் தகட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடைத்தோம். (வட்டமாகத் துடைத்தால், துடைப்பதால் விழும் கீறல் பதிவின் போக்கிலேயே நீண்டு, தொடர்ந்து பல பொட்டலங்களைக் கெடுக்கும்.) வேறொரு பழைய கருவியில், குறைந்த வேகத்தில், முதலில் கணினிக்கு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து மாற்றினோம். முதல் முறிவு மறைந்தது. இரண்டாவது மறையவில்லை. அங்கே ஒரு நொடிப் படம் போயே போய்விட்டது. ஒலி மட்டும் இருந்தது.

ஒலியிலும் ஒரு நொடியை வெட்டினால் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் அந்த நொடியில் விருந்தினரை வரவேற்கும் தந்தையாரின் குரல் இருந்தது. வெட்ட மனம் வரவில்லை. முறிவுக்கு முந்தைய படத்தையே 25 முறை வைத்து, காட்சியை ஒரு நொடி நிறுத்தினோம். குரல் முழுமையாக நின்றது. அதன் பின் எல்லாம் பொருந்தியது.

சகோதரர்களே, சகோதரிகளே! வீட்டிலே எழுதப்படும் தகடுகள் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஆளானால் கெடும். அவற்றின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள். கூர்முனைப் பேனாவால் எழுதாதீர்கள். சி.டி.யில் பதிவுப் படலம் எழுத்துள்ள பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. இயங்கும் நிலையில் இருக்கும்போதே நகல் எடுங்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றி வந்ததை மூன்று இடங்களில் சரிபார்க்கும் வரை கடையை விட்டு இறங்காதீர்கள். அதன் பின்னும் மூலத் தகட்டை எறியாதீர்கள்.

சரிசெய்த காட்சியை அந்த அன்னையார் மதரஸாக் கணினியில் பார்த்தார். கணவர் மஹரைச் சொல்லி முடித்தார். அவர் வாய் மூடியபோதே சொல்லும் முடிந்தது. மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளிடம் சொன்னார்:

"அத்தா மஹரைச் சொல்லும்போது குரல் நடுங்குகிறது என்று அன்றைக்கே திரைக்குப் பின்னால் நினைத்தேன். பார், உதடும் நடுங்குகிறது."

வஸ்ஸலாம்.