விறகு பாய்லரும் சொட்டுற பைப்பும்

மெல்போர்ன் குளிரைப் பத்திப் புலம்பினா கனடாவுல இருக்கிற நம்ம மக்கள் சிரிக்கிறாங்க. சிரிங்க சாமீ. உங்க ஊர்ல குளிர் வெளியேதான் இருக்கும். இங்க பழைய மரவீட்டுல அது வாடகை குடுக்காத அஞ்சாவது ஆளா உள்ளேயே குடியிருக்கு.

நாங்க நாலு பேர் இருக்கிறது பெல்கிரேவ் பக்கம். ரயில் லைன்ல கடைசி ஸ்டேஷன், அதனால வாடகை கம்மி. பின்னாடி ஷெட்டுல ஒரு விறகு பாய்லர். அதுல சூடாகுற தண்ணிய ஒரு பம்ப் ரெண்டு மாடிக்கும் தள்ளி, ஒவ்வொரு ரூம் ரேடியேட்டரா சுத்தவிட்டுத் திருப்பிக் கொண்டுவரும். ஓடுறப்ப சொர்க்கம்தான். பிரச்சினை பிரஷர் மீட்டர்ல ஆரம்பிச்சது.

காலையில ஆறிப்போன நேரத்துல பார்த்தா முள் 0.4 பார்ல படுத்திருக்கும். மாடி ரேடியேட்டர் கீழ இருந்து 6 மீட்டர் உயரம். 10 மீட்டர் தண்ணி ஏற ஏறக்குறைய 1 பார் வேணும்னா, மாடிக்கு மட்டும் 0.6 வேணும். அப்புறம் மாடி எப்படிச் சுடும்? ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டோம். "1-க்குக் கீழ இறங்கினா குழாயைத் திறந்து தண்ணி ஏத்திக்கோங்க"ன்னு ஒரு வரி பதில். எங்க வீட்டு சீனியர் மதுரைக்காரர், அவர் தீர்ப்பும் அதேதான்: "தண்ணியத் திறந்து விடுடா, முள்ளு தன்னால ஏறும்." ஏறுச்சு. மறுநாள் காலையில மறுபடி 0.4. மூணு வாரம் இப்படியே பூஜை பண்ணோம்.

என் கட்சி இதுதான்: தண்ணி ஏத்துறது ரிப்பேர் இல்லை. ரேடியேட்டர்ல அடைச்ச காத்தைத் திறந்துவிட்ட பிறகு ஒரு தடவை ஏத்தலாம், அது நியாயம். தினமும் ஏத்துறீங்கன்னா தினமும் எங்கேயோ போகுதுன்னு அர்த்தம். எங்கேன்னு பார்க்காம குழாயைத் திறக்கிறது, ஓட்டைப் பர்ஸுல சம்பளம் போடுற மாதிரி.

எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சது ஒரு காலி பால் கேனால. சேஃப்டி வால்வுல இருந்து ஒரு பைப் ஷெட்டுக்கு வெளியே மண்ணுல போய் முடியும். மழை ஊர்ல ஈர மண்ணை யார் பார்க்கிறா? அடியில கேனை வச்சோம். காலையில அஞ்சு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா தண்ணி.

கணக்கு இப்படி. தண்ணி 10 டிகிரியில இருந்து 80-க்குப் போனா கிட்டத்தட்ட 3 சதவீதம் பெருகும். எங்க சிஸ்டத்துல சுமார் 200 லிட்டர்னா, பெருகுறது ஏறக்குறைய 6 லிட்டர். அதை வாங்கிக்கத்தான் ஒரு எக்ஸ்பான்ஷன் டாங்க் இருக்கு: நடுவுல ரப்பர், ஒரு பக்கம் தண்ணி, மறுபக்கம் காத்து. அந்தக் காத்துப் பக்கத்துல கார் டயர்ல இருக்குமே, அதே மாதிரி ஒரு வால்வு. அடுப்பு முழுசா ஆறின நேரத்துல அதை அழுத்திப் பார்க்கணும். ஒண்ணும் வரலைன்னா காத்து தீர்ந்திருக்கு. பிரஷரை இறக்கிட்டுப் பம்ப்புல அடிச்சுடலாம். எங்களுக்குத் தண்ணியே பீச்சிச்சு. ரப்பர் கிழிஞ்சிருக்கு.

ஆக, பெருகுற தண்ணிக்கு இடம் இல்லை. சாயங்காலம் விறகு போட்டதும் முள் விர்ருனு 3-க்கு ஏறும், வால்வு திறந்து கொட்டும், ஆறினதும் 0.4. காலையில நாங்க ஏத்தின தண்ணியத்தான் அது ராத்திரி வெளியே தள்ளியிருக்கு! போதாததுக்கு ஒவ்வொரு புதுத் தண்ணியும் கூடவே ஆக்சிஜனைக் கொண்டுவந்து ரேடியேட்டரை உள்ளேயிருந்து துருப்பிடிக்க வைக்கும்.

இதுல பகீர்னு ஆன இடம் ஒண்ணு. "அந்தப் பைப்புக்கு ஒரு மூடி போட்டுட்டா தண்ணி வீணாகாதுல்ல?"ன்னு வீட்டுல ஒரு நண்பன் கேட்டான், கையில மூடியோட. படிக்கிறது மாஸ்டர்ஸ்! குக்கர் வெயிட் மேல அம்மிக்கல்லை வைப்பியாடான்னு கத்தினேன். கேஸ் பாய்லர்னா ஆபத்துன்னதும் அணைச்சுக்கும். விறகுக்கு ஸ்விட்ச் கிடையாது. மூடின பாத்திரத்துல 100 டிகிரியைத் தாண்டின தண்ணி வெடிச்சு வெளியே வந்தா, ஆவியாகுற ஒவ்வொரு லிட்டரும் 1,600 லிட்டருக்கு மேல இடம் கேட்கும். ஷெட்டு இருக்காது.

கும்பகோணத்துல ஆச்சி வீட்டு வெந்நீர் பாய்லர் ஞாபகம் வருது. செம்பு, நடுவுல கரி போடுற குழாய், புனல்ல பச்சைத்தண்ணி ஊத்தினா மூக்கு வழியா வெந்நீர் வரும். ஊத்துற வாயும் திறப்பு, வர்ற வாயும் திறப்பு. பிரஷர்ங்கிற பேச்சே இல்லை. விறகுல ஓடுற ரேடியேட்டர் சிஸ்டத்துக்கும் அதே புத்திதான் சரின்னு நான் நினைக்கிறேன்: மேல பரண்ல ஒரு திறந்த தொட்டி, அடைப்பே இல்லாத ஒரு பைப். தண்ணி கொஞ்சம் ஆவியாகும், துரு கூடும், ஒத்துக்கிறேன். ஆனா கரண்ட் போனா அதுதான் காப்பாத்தும்.

கரண்ட் போகுமான்னு கேட்பீங்க. 2021 ஜூன்ல அடிச்ச புயல்ல இதே டாண்டினாங் மலையில, கலோரமா பக்கம், மரம் விழுந்து வாரக்கணக்குல கரண்ட் இல்லை. அதுவும் குளிர்காலம். பம்ப் நின்னுடும், விறகு எரிஞ்சுட்டேதான் இருக்கும். அப்போ புது விறகு போடாம காத்து வர்ற கதவை மூடணும். எங்க வீட்டுல இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரலை.

விக்டோரியாவுல 2021 மார்ச் 29-ல இருந்து வாடகை வீட்டு ஹால்ல ஹீட்டர் கட்டாயம். ஹீட்டர் கெட்டா அது அவசர ரிப்பேர். ஓனர் தரப்பு உடனே கவனிக்கலைன்னா, 2,500 டாலர் வரை நாமளே செலவு பண்ணி ஓனர்கிட்ட வாங்கலாம். நம்ம பசங்க பாண்டுப் பணம் போயிடும்னு வாயே திறக்கிறதில்லை. நானும் திறக்காம இருந்தவன்தான். ரெண்டாவது மெயில்ல "அவசர ரிப்பேர்"னு எழுதி, பால் கேன் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன். நாலாம் நாள் பிளம்பர் வந்து புது டாங்க் மாட்டிட்டுப் போனார்.

இப்போ ஆறின நேரத்துல 1.2, சூட்டுல 1.8. கேன் காஞ்சு கிடக்கு. சீனியர் மட்டும் பழக்க தோஷத்துல காலையில குழாய்கிட்ட போறார். கைப்பிடியைக் கழட்டி என் ரூம்ல வச்சிருக்கேன் :-)