பத்தியம் என்று பட்டினி போடலாமா?



கடைவாய்ப் பல்லைக் கீறி எடுத்துக்கொண்டு என் மகள் வீட்டுக்கு வந்ததும் மாமியார் உத்தரவு போட்டுவிட்டார். "பருப்பு, முட்டை, மல்லாட்டை எதுவும் கண்ணுல காட்டாதேம்மா. புண்ணு சீழ் வச்சிடும். அரிசிக் கஞ்சி போதும்."

பெரியவர் சொல்லைத் தட்ட மனமில்லை. மூன்று நாளும் கஞ்சித் தெளிவுதான். பெண் வாடிப்போனாள், எழுந்து நின்றாலே தலைசுற்றல். நாலாம் நாள் பல் டாக்டர் என்னைத்தான் கடிந்துகொண்டார். "சீழ் வைக்கிறது கிருமியாலம்மா, பருப்பால இல்லே. புதுசா சதை வளர்ந்து புண் ஆறணும்னா புரதம் வேணும். செங்கல் தராம சுவர் எழும்புமா?"

சுருக்கென்றது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சாதாரண நாளிலேயே சுமார் 46 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ம் வருடக் கணக்கு. கஞ்சித் தெளிவில் அது ஏது?

டப்பா மாவு தேடி அலைய வேண்டாம். எங்கள் வல்லம், செஞ்சிப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற பூமியாச்சே!

ஒரு கைப்பிடி (30 கிராம்) மல்லாட்டையை இரவே ஊறவைத்து, மறுநாள் குழைய வேகவைத்துத் தோல் நீக்குங்கள். இரண்டு மேஜைக் கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்து வெண்ணெய் போல் அரைத்து, வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். ஒரு டம்ளர் காய்ச்சிய பால், கொஞ்சம் வெல்லம் சேர்த்து இறக்குங்கள். சுமார் 15 கிராம் புரதம் கிடைக்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வெல்லம் வேண்டாம்.

நன்றாக ஆறிய பிறகே கொடுங்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. புண்ணை மூடியிருக்கும் ரத்தக்கட்டி பெயர்ந்து வலி எடுக்கும். ஒரு நாள் கழிந்தபின், குடித்ததும் வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். குழைந்த பருப்பு சாதம், தயிர், நன்றாக வெந்த முட்டை இவையும் நல்லவைதான்.

வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலியோ வீக்கமோ நாளுக்கு நாள் ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஒரே வாரத்தில் மகள் முகம் தெளிந்தது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ராத்திரி மல்லாட்டையை ஊறப்போட்டது அவர்தான்!