புருஷனிடம் சொல்ல என்ன வெட்கம்?

என் கணவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம் வேலை பார்க்கிறார். குரோம் தண்ணீர் பட்டுப் பட்டுக் கை வெடிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொடையிடுக்கிலும் புண் வந்ததை ஆறு மாதம் என்னிடம் மறைத்து, மருந்துக் கடையில் கேட்டு ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

நான் மட்டும் யோக்கியமா? மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. "இதையெல்லாம் ஆம்பளைங்ககிட்ட சொல்லுவாங்களா?" என்று மாமியார் வாயை அடைத்துவிட்டார். மயங்கி விழுந்து, ரத்தம் ஏழு பாயின்ட்தான் என்று டாக்டர் சொன்ன பிறகே அவருக்குத் தெரியும். "ஏன்டி சொல்லல?" என்றார். "நீங்க சொன்னீங்களா?" என்றேன்.

நூறு வருடத்துக்கும் முன்பு திண்டிவனத்தில், ஆண் டாக்டர் பிரசவம் பார்க்கக் கூடாது என்று வீட்டு ஆண்கள் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் டாக்டருக்குப் படித்து, 1900ல் வேலூரில் ஒரே கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. 1918ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்று ஆண் டாக்டரிடம்கூடக் காட்டுகிறோம். கட்டின புருஷனிடம் சொல்லத்தான் வெட்கம்!

இப்போது இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். எனக்கு டோக்கன் போட அவர்தான் விடியற்காலையில் வரிசையில் நிற்கிறார். எட்டாவது படிக்கும் மகன் "ஏம்மா சோர்வா இருக்கே?" என்று கேட்டான். அவனுக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டேன். மாமியார்தான் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

- ஒரு வாசகி, ஆம்பூர்.