ப்ராஸ்டேட் மட்டும்தான் குற்றவாளியா?

1976-இல் வெளியான ஒரு ஆய்வு கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கழிப்பறையில் 60 ஆண்கள் சிறுநீர் கழிப்பதை, அவர்களுக்கே தெரியாமல் மிடில்மிஸ்ட் என்பவரின் குழு கவனித்து நேரம் குறித்தது. தனியாக நின்றவர்களுக்குச் சிறுநீர் வரத் தொடங்க சராசரியாக 4.9 விநாடி ஆனது. ஒட்டினாற்போல் பக்கத்தில் ஒருவர் நின்றபோது 8.4 விநாடி! ஒளிந்திருந்து பார்ப்பது முறையா என்று பின்னர் கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஆள் வந்து நின்றதும் யாருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி திடீரென்று வீங்கிவிடாதே! பிறகு எது தடுத்தது?

நரம்பு.

நம் கட்டளைக்குக் காத்திராமல் வேலை செய்வது தானியங்கி நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று இரண்டு பிரிவு. பரிவு நரம்பு சேமிப்புக் கணக்கு மாதிரி. சிறுநீர்ப்பையைத் தளர்த்தி, அதன் கழுத்தை இறுக்கி, சிறுநீரைச் சேர்த்து வைக்கும். எதிர்ப்பரிவு நரம்பு செலவுக் கணக்கு. பையைச் சுருக்கி வெளியேற்றும். பயம், பதற்றம், குளிர் என்று எது வந்தாலும் பரிவு நரம்பின் கை ஓங்கும். கழுத்து இறுகும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு ப்ராஸ்டேட் பெரிதாகிறது. அது சிறுநீர்க் குழாயை நெருக்குவது உண்மை. ஆனால் சுரப்பி எவ்வளவு பெரிதோ அவ்வளவு தொந்தரவு என்று கணக்குப் போட முடியாது. பெரிய சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குபவர்களும் உண்டு, சிறிய சுரப்பியோடு இரவில் நான்கு முறை எழுபவர்களும் உண்டு. இதற்கு ஒரு விளக்கம் 1975-இல் கிடைத்தது. ஜெருசலேமைச் சேர்ந்த மார்கோ கெய்னும் அவர் குழுவினரும், ப்ராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் பரிவு நரம்பின் சமிக்ஞையை வாங்கும் ஆல்ஃபா ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அதாவது, அடைப்பில் ஒரு பங்கு சதை வளர்ச்சி, இன்னொரு பங்கு தசை இறுக்கம். டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் சுரப்பியைச் சுருக்குவதில்லை, இந்த இறுக்கத்தைத்தான் தளர்த்துகின்றன. அதனால்தான் சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. இதே வகை ஏற்பிகள் ரத்தக் குழாயிலும் இருப்பதால், எழுந்து நிற்கும்போது சிலருக்குத் தலைசுற்றலும் வருகிறது.

2005-இல் கெவின் மெக்வேரி குழு வெளியிட்ட ஆய்வில், பரிவு நரம்பின் வேகம் கூடியிருந்த ஆண்களுக்குச் சிறுநீர்த் தொந்தரவும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அதனால்தான் இது வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 'எல்லாம் வயசுக் கோளாறு' என்று கதையை முடித்துவிடவும் முடியாது.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? சாதாரண ஜலதோஷ மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் கழுத்தை இறுக்கும். தும்மலுக்கான குளோர்ஃபெனிரமின் பை சுருங்குவதைத் தடுக்கும். பல மாத்திரைகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன! ஏற்கெனவே தொந்தரவு உள்ள ஒரு பெரியவர் இதை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால், சிறுநீர் அடியோடு நின்று, குழாய் போட்டு எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். நீண்ட நாள் சர்க்கரை நோயும் இந்த நரம்புகளைக் கெடுக்கும். பை நிறைந்ததே தெரியாமல் போகும்.

ஆகவே அளவை மட்டும் பார்க்கும் வைத்தியம் அரை வைத்தியம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை உண்டா, தூக்கமும் மனநிலையும் எப்படி என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நோயாளி சொல்ல வேண்டும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் நின்றே போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று. நம் வீடுகளில் அப்பாக்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. 'ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?' என்று பிள்ளைகள்தான் கேட்க வேண்டும். சிரித்து மழுப்புவார்கள். விடாமல் கேளுங்கள்.