கேஸ் அடிப்பதற்கு முன் கசிவைத் தேடுங்கள்

கோடை தொடங்கியதும் பழைய கார் வைத்திருப்போர் பலரிடம் ஒரே வாக்கியத்தைக் கேட்கிறோம்: “ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டது, அடித்துவிட்டு வர வேண்டும்.” சென்ற ஆண்டும் அடித்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டும் அடித்தார்கள். ஆண்டுதோறும் வரும் இச்செலவை இயல்பானதென்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். அது இயல்பானதன்று என்பதே என் கருத்து.

பெட்ரோல் எரிந்து தீரும். குளிரூட்டும் வாயு அவ்வாறு தீர்வதில்லை. அது மூடிய சுற்றுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது. கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. காரின் முன்புறமுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. பின்பு விரிவு வால்வைக் கடந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் மீண்டும் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. இச்சுற்றில் வாயு குறைந்தால் அது எங்கோ கசிந்திருக்கிறது. ரப்பர் குழாய்களின் வழியே பல ஆண்டுகளில் சிறிதளவு வெளியேறுவது உண்டு. ஆனால் ஓராண்டுக்குள் குளிர்ச்சி போய்விடுகிறதெனில், அடைக்கப்பட வேண்டிய ஓர் ஓட்டை இருக்கிறது.

வாயுதான் குறை என்று முடிவுகட்டுவதும் சரியன்று. காற்றே குறைவாக வருகிறதா? கேபின் ஃபில்டர் தூசியால் அடைந்திருக்கலாம். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் சுழல்கிறதா? பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர் பழுதாகியிருக்கும். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நிற்கும்போது குளிர்ச்சி குன்றுகிறதா? கண்டென்சர் ஃபேன் சுழல்கிறதா, கண்டென்சரின் இடுக்குகளில் மண் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏசியைப் போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கும் ஓசை கேட்கிறதா? கேட்கவில்லையெனில் முதலில் ஃப்யூஸையும் ரிலேயையும் சோதிக்க வேண்டும். அவை சரியாக இருந்தால், வாயு குறைந்ததனால் அழுத்த சுவிட்ச் கிளட்ச்சைத் தடுத்திருக்கக்கூடும்.

கசிவுதான் என்றால் அதைக் காண வழிகள் உண்டு. வாயுவோடு எண்ணெயும் ஓடுவதால், கசியும் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் காணப்படும். நைட்ரஜனை அழுத்தமாகச் செலுத்திச் சோப்பு நீர் தடவிப் பார்ப்பார்கள். புறஊதா ஒளியில் மிளிரும் சாயத்தையும் பயன்படுத்துவார்கள். பழுதை நீக்கியபின் வேக்கம் போட்டு ஈரத்தையும் காற்றையும் அகற்ற வேண்டும். அதன்பின், பானட்டுக்கு அடியிலுள்ள ஒட்டியில் குறித்திருக்கும் கிராம் அளவுக்கே வாயுவை எடைபார்த்து நிரப்ப வேண்டும். அளவு மிஞ்சினாலும் குளிர்ச்சி குறையும்.

இவற்றைச் செய்யாத மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வது எளிது. ஆனால் “அரை மணியில் முடித்துக் கொடுங்கள்” என்று கேட்பவர்கள் நாமே. கசிவைத் தேட ஒரு நாள் வேண்டும், அதற்குக் கூலியும் உண்டு என்று நேர்மையாகச் சொல்பவரை விட்டு, உடனே அடித்துத் தருபவரிடம் போகிறோம். பழுதைக் கண்டுபிடிப்பதும் வேலையே. அதற்குக் கூலி கொடுக்க நாம் பழக வேண்டும்.

கார் மிகப் பழையது. எவாப்பரேட்டரை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். அவ்வளவு செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. காரின் மதிப்பையும் பழுதின் செலவையும் ஒப்பிட்டு, ஏசியே வேண்டாமென முடிவெடுப்பதிலும் தவறில்லை. ஆனால் கசிவு எங்கே என்று அறிந்த பின்பே அம்முடிவை எடுக்க முடியும். ஓர் இணைப்பிலுள்ள சிறு ஓ-ரிங்கே காரணமாகவும் இருக்கலாம்.

அறியாமல் ஆண்டுதோறும் நிரப்புவதற்கு விலை உண்டு. வாயு குறைந்தால் எண்ணெய் சரியாகத் திரும்பாது, கம்ப்ரஸர் இறுகிப்போகும், அதன் உலோகத் துகள்கள் சுற்று முழுவதும் பரவும். கசிந்தது காற்றிலும் கலக்கிறது. ஓசோன் படலத்தைச் சிதைத்த ஆர்-12 வாயுவை, 1987இல் உருவான மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உலகம் கைவிட்டது. அதற்கு மாற்றாகக் கார்களில் வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் நூறாண்டுக் கணக்கில் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாத வலிமை உடையது. நம் காரைக் குளிர்விக்க முயன்று, பிள்ளைகளின் கோடையை நாம் இன்னும் சூடாக்கலாமா?

பழைய காரில் செல்வோர் பெரும்பாலும் வேறு கார் வாங்க வசதியில்லாதவர்கள். முதிய பெற்றோரை மே மாத நண்பகலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் காரும் அதுவே. அவர்களுக்கு ஏசி ஆடம்பரமன்று. ஆகவே, அன்பானவர்களே, இம்முறை பட்டறைக்குச் செல்லும்போது “கேஸ் அடியுங்கள்” என்று சொல்லாதிருங்கள். “எங்கே கசிகிறது என்று பாருங்கள், அதற்குரிய கூலியைத் தருகிறேன்” என்று சொல்லுங்கள்.